லிட்டர் 59.9 பென்ஸ் என்பது விலையே இல்லை

பிரிட்டனில் எரிவாயுக் குழாய் எட்டாத கிராமத்து வீடுகளில் தோட்டத்து மூலையில் ஒரு பச்சை பிளாஸ்டிக் டேங்க் நிற்கும். அதற்குள் இருப்பது வீட்டைச் சூடாக்கும் பாய்லருக்கான மண்ணெண்ணெய்தான். வியாபாரிகள் 'ஹீட்டிங் ஆயில்' என்பார்கள். பழைய ஆட்கள் '28 செகண்ட் ஆயில்' என்பார்கள். குறிப்பிட்ட அளவு எண்ணெய் ஒரு சிறு துளை வழியே ஒழுக எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்த அந்தக் காலத்துச் சோதனையிலிருந்து வந்த பெயர் அது. ரேஷன் கடையில் நீலச் சாயத்தோடு வரிசையில் நின்று வாங்கிய பொருளை இங்கே லாரியில் வரவழைத்து, ஒரே தடவையில் 500 லிட்டர், 1,000 லிட்டர் என்று வாங்குகிறார்கள். வட அயர்லாந்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வீடுகளுக்கு இதுதான் குளிருக்குத் துணை. அங்குள்ள மருத்துவமனைகளில் வேலைக்கு வந்து இறங்கும் நம்மூர் செவிலியர்களுக்கும், ஆங்கிலக் கிராமங்களில் கடை எடுத்து நடத்தும் ஈழத்தமிழர்களுக்கும் முதல் குளிர்காலத்தில் வருகிற குழப்பம் ஒன்றுதான்: இதை எங்கே, எப்படி, என்ன விலைக்கு வாங்குவது?

மின்சாரத்துக்கும் குழாய் எரிவாயுவுக்கும் இருப்பதுபோல, அவற்றை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஆஃப்ஜெம்மின் விலை உச்சவரம்பு இதற்குக் கிடையாது. மீன் சந்தை மாதிரி தினமும் விலை மாறும். காலையில் சொன்ன விலை மாலையில் நிற்காது. 2020 வசந்தத்தில் ஊரடங்கால் விமானங்கள் தரையில் நின்றபோது லிட்டர் 30 பென்ஸுக்கும் (100 பென்ஸ் ஒரு பவுண்டு) கீழே கிடைத்தது. உக்ரைன் போர் தொடங்கிய 2022 மார்ச்சில் ஒன்றரை பவுண்டைத் தாண்டியது. விமான எரிபொருளும் இதுவும் ஏறக்குறைய ஒரே சரக்கு. அதனால் கச்சா எண்ணெய் விலையும், பவுண்டுக்கு எதிரான டாலர் மதிப்பும் நேராக இதில் இறங்கும். ஒரு பீப்பாய் 159 லிட்டர்; ஆகவே பீப்பாய்க்கு ஒரு டாலர் ஏறினால் லிட்டருக்குச் சுமார் அரை பென்ஸ் ஏறும். செய்தியில் கச்சா எண்ணெய் 4 டாலர் ஏறியது என்று கேட்டால், உங்கள் வியாபாரி 2 பென்ஸ் ஏற்றுவது நியாயம். 6 பென்ஸ் ஏற்றினால் வேறு இடத்தில் கேளுங்கள்.

இனி, வாங்கும் வழிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். அதற்கு முன் ஒரு கணக்கு. அது புரியாமல் எந்த வலைத்தளத்தைப் புரட்டியும் பயனில்லை.

விளக்கத்துக்காக இரண்டு விலைகளை எடுத்துக்கொள்வோம். முதல் வியாபாரி லிட்டர் 59.9 பென்ஸ் என்கிறார். இரண்டாமவர் 63.5 பென்ஸ். 500 லிட்டர் வேண்டும். பார்த்தவுடன் கை முதலாமவரிடம்தான் போகும். ஆனால் 59.9 வாட் வரி சேராத விலை. வீட்டு உபயோக எண்ணெய்க்கு வாட் 5 சதவீதம். 299.50 பவுண்டு அதனால் 314.48 ஆகிறது. அதன்மேல் 'சர்வீஸ் கட்டணம்' என்று 6 பவுண்டு போட்டால் 320.48. இரண்டாமவருடைய 63.5 எல்லாம் சேர்ந்த விலை என்றால் 317.50 பவுண்டுதான். மலிவாகத் தெரிந்தவர் 3 பவுண்டு அதிகம். உண்மையில் அவருடைய லிட்டர் விலை 64.1 பென்ஸ். எனவே லிட்டர் விலையைக் கேட்காதீர்கள். 'இத்தனை லிட்டர், இந்த அஞ்சல் குறியீடு, வரி, கட்டணம் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் வரும்?' என்று ஒரே கேள்வியாகக் கேளுங்கள். தேதி இல்லாத விலை பாதி விலைதான்.

கார்டுக்குத் தனிக் கட்டணம் என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். தனிநபர் டெபிட், கிரெடிட் கார்டுகளுக்கு அப்படிக் கூடுதல் வாங்குவது 2018 ஜனவரி முதல் பிரிட்டனில் தடை.

அளவு கூடினால் விலை ஏன் குறைகிறது என்பதும் எளிய கணக்குதான். லாரி உங்கள் வாசலுக்கு வந்து போக வியாபாரிக்கு 30 பவுண்டு செலவு என்று வைத்துக்கொள்வோம். 500 லிட்டருக்கு அது லிட்டருக்கு 6 பென்ஸ். 1,000 லிட்டருக்கு 3. 2,000 லிட்டருக்கு ஒன்றரை. 500-லிருந்து 1,000-க்குப் போவதில் உள்ள லாபம், 1,000-லிருந்து 2,000-க்குப் போவதில் இல்லை. கடன் வாங்கி 2,000 லிட்டர் நிரப்புவதில் அர்த்தமில்லை என்பது இதனால்தான். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றிலும் பெரும்பாலான வியாபாரிகள் 500 லிட்டருக்குக் கீழே லாரி அனுப்ப மாட்டார்கள். வட அயர்லாந்தில் 300 லிட்டருக்கும் வருவார்கள். வீடுகள் நெருக்கம், போட்டியும் அதிகம்.

இங்கே டேங்கின் கொள்ளளவு குறுக்கே வரும். 1,200 லிட்டர் டேங்க் என்றால் 1,200 நிரப்ப முடியாது. எண்ணெய் வெயிலில் விரியும் என்பதால் மேலே 5 சதவீதமாவது காலியாக விடுவார்கள், ஆக 1,140. அடியில் வண்டலும் தண்ணீரும் தங்கும் என்பதால் கடைசி 100 லிட்டரை இல்லாததாகவே நினைக்க வேண்டும். நடுக்குளிரில் ஒரு பழைய மூன்று படுக்கையறை வீடு நாளுக்கு 10 லிட்டர் குடிக்கும் என்று வைத்தால், சாதாரண டெலிவரிக்கு அவர்கள் சொல்லும் 10 வேலை நாள், அதாவது 14 நாளில் 140 லிட்டர் போய்விடும். பனி விழுந்தால் லாரி இன்னும் சில நாள் தாமதிக்கும். கணக்கைக் கூட்டினால் 300 லிட்டர் மிச்சமிருக்கும்போதே ஆர்டர் போட்டாக வேண்டும். லாரி வரும் நாளில் 160 இருக்கும். 980 லிட்டருக்கு இடமிருக்கும். அந்த நம்பிக்கையில் 1,000 ஆர்டர் போட்டால், இடமில்லாத மிச்சத்தை ஓட்டுநர் திருப்பிக் கொண்டுபோவார். சில நிறுவனங்கள் அதைச் சாக்காக வைத்து முழு ஆர்டரையும் குறைந்த அளவு வாங்குபவருக்கான கூடுதல் லிட்டர் விலைக்கு மாற்றிக் கணக்குப் போடும். 1,200 லிட்டர் டேங்க் வைத்திருப்பவர் 900 லிட்டர் வாடிக்கையாளர். அந்த அளவுக்கே விலை கேட்பது நல்லது.

ஒப்பீட்டுத் தளங்களிலிருந்து தொடங்குவோம். பாய்லர்ஜூஸ்தான் இவற்றில் பிரபலம். அஞ்சல் குறியீடு, லிட்டர், எவ்வளவு சீக்கிரம் வேண்டும் என்ற மூன்றையும் கொடுத்தால் விலை வந்துவிடும். எண்ணெய் அவர்களுடையது அல்ல. உங்கள் வட்டாரத்து வியாபாரி ஒருவர் கொண்டுவந்து ஊற்றுவார். இந்த வகைத் தளங்களின் பெரிய பயன், இரண்டு நிமிடத்தில் அன்றைய சந்தை விலை கையில் கிடைத்துவிடுவது. அந்த எண் இல்லாமல் எந்த வியாபாரிக்கும் போன் செய்யாதீர்கள். ஆனால் முதல் வரிசையில் நிற்கும் மலிவு விலை அநேகமாக மிகத் தாமதமான டெலிவரிக்கு உரியது. பட்டியலைப் பார்க்கும்போது நாள் கணக்கு எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். சில தளங்கள் பணம் கட்டும்வரை வியாபாரியின் பெயரைக் காட்டாது. ஒரு தடவை கதவு வரை வந்து திரும்பிப்போன நிறுவனமே மறுபடி வரக்கூடும் என்பதால் அப்படிப்பட்ட தளத்தில் விலை பார்க்கலாம், வாங்குவதற்கு அவ்வளவு ஏற்றதில்லை. தளத்தின் மூலம் வாங்கி ஏதாவது தவறு நடந்தால் 'அவரைக் கேளுங்கள்', 'தளத்தைக் கேளுங்கள்' என்று பந்தாடப்படும் வாய்ப்பும் உண்டு. 100 பவுண்டுக்கு மேற்பட்ட பொருளை கிரெடிட் கார்டில் வாங்கினால் கார்டு நிறுவனமும் பொறுப்பேற்கும் என்ற சட்டப் பாதுகாப்பு (நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-வது பிரிவு) இங்கே பயன்படும். ஆனால் இடைத்தரகர் ஒருவர் நடுவில் நின்று பணம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு சிக்கலாகலாம். கார்டு பில்லில் யார் பெயர் வரும் என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

வட அயர்லாந்தில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல அளவுகோல் ஒன்று உண்டு. அங்குள்ள நுகர்வோர் கவுன்சில் 300, 500, 900 லிட்டருக்கான சராசரி விலையை வாரந்தோறும் வெளியிடுகிறது. அவர்கள் எதையும் விற்பதில்லை, தரகும் வாங்குவதில்லை. 900 லிட்டர் சராசரியை 900-ஆல் வகுத்து, 300 லிட்டர் சராசரியை 300-ஆல் வகுத்துப் பாருங்கள். சிறுகச் சிறுக வாங்குவதற்கு என்ன தண்டம் கட்டுகிறோம் என்று தெரிந்துவிடும். வாரச் சராசரி என்பதால் விலை வேகமாக நகரும் வாரங்களில் இரண்டு மூன்று நாள் பழசாக இருக்கும். அது ஒன்றுதான் குறை. எங்களுக்கு இந்தச் சேவைமேல் எந்தப் புகாரும் இல்லை. மற்ற மூன்று நாடுகள் அடங்கிய கிரேட் பிரிட்டனில் இப்படி ஒன்று இல்லையே என்ற ஏக்கம் மட்டும் உண்டு.

உள்ளூர் வியாபாரிக்கு நேரடியாகப் போன் செய்வது இன்னும் செத்துப்போகாத வழி. தள விலையைச் சொல்லி, 'இதற்குக் கொடுக்க முடியுமா, அடுத்து எங்கள் ஊர்ப் பக்கம் லாரி எப்போது வருகிறது?' என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விதான் முக்கியம். வியாழக்கிழமை பக்கத்து ஊருக்கு ஏற்கெனவே லாரி வருகிறது, அதில் 700 லிட்டர் இடம் இருக்கிறது என்றால் உங்கள் வாசலுக்கு வருவது அவருக்கு ஏறக்குறைய இலவசம். அப்போது ஓரிரண்டு பென்ஸ் குறைப்பார். நாளையே வேண்டும் என்று கேட்பவருக்குக் குறைக்க மாட்டார். அவசர டெலிவரிக்கு 50 பவுண்டு தனியாகப் போட்டால் 500 லிட்டரில் அது லிட்டருக்கு 10 பென்ஸ். பேரம் பேசி யாரும் அவ்வளவை மீட்க முடியாது.

மூன்று பேரிடம் விலை கேளுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த மூவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டி.சி.சி. குழுமத்தைச் சேர்ந்த செர்டாஸ் எனர்ஜி இத்துறையில் மிகப் பெரியது. பழைய ஊர்க் கம்பெனிகளை வாங்கி, அந்தப் பெயர்களிலேயே தொழிலை நடத்தும் வழக்கம் இந்த வியாபாரத்தில் உண்டு. ஸ்காட்லாந்தில் ஸ்காட்டிஷ் ஃப்யூயல்ஸ் என்று பார்ப்பதும் செர்டாஸ்தான். இதில் தவறேதும் இல்லை. ஆனால் ஒரே குழுமத்தின் மூன்று பெயர்களுக்குப் போன் செய்துவிட்டு விலை ஒப்பிட்டதாக நினைப்பது வீண். வலைத்தளத்தின் அடியில் சிறிய எழுத்தில் நிறுவனப் பதிவு எண் இருக்கும். அதை கம்பெனிகள் பதிவகத்தின் தளத்தில் இலவசமாகத் தேடினால் உரிமையாளர் யார் என்று வந்துவிடும். 2010 டிசம்பர் பனியில் விலை தாறுமாறாக ஏறி, மக்கள் கொதித்து, 2011-ல் அப்போதைய நியாய வர்த்தக அலுவலகம் இந்தச் சந்தையை ஆராய்ந்ததெல்லாம் பழைய கதை. ஆனால் உங்கள் ஊருக்கு வரும் லாரிகள் உண்மையில் எத்தனை முதலாளிகளுடையவை என்ற கேள்வி இன்றைக்கும் பழையதாகவில்லை. லாரிகள் எண்ணெய் நிரப்பிக்கொள்ளும் முனையத்துக்கு அருகே, போட்டி உள்ள இடத்தில் விலை குறைவு. ஸ்காட்லாந்தின் மலைப்பகுதிகளிலும் தீவுகளிலும் கூடுதல்.

எண்ணெய்ச் சங்கங்களைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும். 500 லிட்டர்காரர்களுக்கு இதைவிட நல்ல வழி எங்களுக்குத் தெரியவில்லை. நம்மூரில் நாலு வீடு சேர்ந்து ஒரு மூட்டை அரிசி எடுத்துப் பிரித்துக்கொள்வது போலத்தான். குறிப்பிட்ட தேதிக்குள் யாருக்கு எவ்வளவு வேண்டும் என்று ஒருங்கிணைப்பாளர் எழுதிக்கொள்வார். எல்லாவற்றையும் கூட்டி, 12,000 லிட்டர், 18 வீடு என்று நாலைந்து வியாபாரிகளிடம் விலை கேட்பார். குறைவாகச் சொன்னவரிடம் மொத்த ஆர்டர் போகும். ஒரு லாரி, ஒரு நாள், ஒரு சுற்று. மேலே சொன்ன வாசல் செலவு வீடு வீடாகச் சிதறாததால் 500 லிட்டர்காரருக்கும் 1,000 லிட்டர்காரரின் விலை கிடைக்கிறது. பல மாவட்டங்களில் கிராமப்புறத் தொண்டு அமைப்புகள் இவற்றை நடத்துகின்றன. வட அயர்லாந்திலும் இப்படி ஒரு வலைப்பின்னல் உண்டு.

குறைகள் இரண்டு. பெரும்பாலான சங்கங்களில் பெயர் கொடுத்தபிறகுதான் விலை தெரியும், பெயர் கொடுத்தால் வாங்கியே ஆக வேண்டும். நடுவில் விலை ஏறினால் வேறு வழியில்லை. மற்றொன்று, தேதி உங்கள் கையில் இல்லை. டேங்க் வற்றும் நாளும் சங்கம் ஆர்டர் போடும் நாளும் பொருந்தாவிட்டால் சங்கத்தால் பயனில்லை. அதனால் சங்கத்தில் சேருபவர் மூன்றில் ஒரு பங்கு மிச்சமிருக்கும்போதே பெயர் கொடுக்கும் பழக்கத்துக்கு வர வேண்டும். ஒரே தடவையில் 2,000 லிட்டர் வாங்கும் பெரிய வீட்டுக்காரருக்கு இதில் பெரிய லாபம் இல்லை. அவர் நேரடியாகப் பேரம் பேசியே அந்த விலையை வாங்கிவிடலாம்.

மாதாமாதம் வங்கியிலிருந்து பணம் எடுத்துக்கொண்டு, டேங்க் குறையும்போது அவர்களே வந்து நிரப்பும் திட்டத்தை எல்லா நிறுவனமும் ஆசையாக விற்கும். வயதானவர்களுக்கும், அளவு பார்க்கவே நேரமில்லாதவர்களுக்கும் இது நிம்மதி. மற்றவர்களுக்கு நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். மாதத் தொகை நிலையானது. லிட்டர் விலை நிலையானது அல்ல. லாரி வரும் நாளின் விலையைத்தான் போடுவார்கள். அந்த விலை அன்றைய தள விலையோடு ஒத்திருக்கிறதா என்று பார்க்க யாரும் உங்களைத் தூண்டப்போவதில்லை. ஒவ்வொரு டெலிவரிச் சீட்டையும் அன்றைய ஒப்பீட்டு விலையோடு வைத்துப் பாருங்கள். தொடர்ந்து 4, 5 பென்ஸ் கூடுதல் என்றால் நிம்மதிக்கு அதுதான் வாடகை. இன்னொன்று: கோடையில் உங்கள் கணக்கில் 400 பவுண்டு சேர்ந்திருக்கும்போது அந்தக் கம்பெனி மூழ்கினால், மின்சார வாடிக்கையாளருக்கு ஆஃப்ஜெம் தரும் பாதுகாப்பு உங்களுக்குக் கிடையாது. வட அயர்லாந்தில் சில உள்ளாட்சி மன்றங்கள் 5 பவுண்டு எண்ணெய் முத்திரைகளை விற்கின்றன. அட்டையில் ஒட்டிச் சேர்த்து, திட்டத்தில் உள்ள எந்த வியாபாரியிடமும் கொடுக்கலாம். சிறுவாட்டுக்காசு மாதிரி. ஒரு கம்பெனியோடு கட்டிப்போடாது என்பதே இதன் அழகு. எரிபொருள் நிலையங்களில் கிடைக்கும் 20 லிட்டர் கேன், லாரி வரும்வரை இரண்டு நாள் தள்ள மட்டும்தான். அதையே வழக்கமாக்கினால் லிட்டர் விலை எங்கேயோ போய்விடும்.

'பிரீமியம்' எண்ணெய் என்று லிட்டருக்குச் சில பென்ஸ் அதிகமாக ஒன்றை நீட்டுவார்கள். அடிப்படை எண்ணெய் ஒன்றே. கரி படிவதைக் குறைக்கும் கலவை சேர்த்திருக்கும். 'ஆகா' (Aga) போன்ற பழைய வார்ப்பிரும்பு அடுப்புகளில் எண்ணெய் ஆவியாகி, திரி வழியே எரியும் வகை பர்னர் இருக்கும். அதில் கரி அடைப்பது உண்மையான தொல்லை. அவர்களுக்குப் பிரீமியம் பயனுள்ளது. நாசில் வழியே அழுத்தத்தில் பீய்ச்சி எரிக்கும் சாதாரண பாய்லருக்கு வருடம் ஒருமுறை நாசில் மாற்றி, சுத்தம் செய்தால் போதும். 1,500 லிட்டர் வாங்குபவர் லிட்டருக்கு 3 பென்ஸ் கூடக் கொடுத்தால் 45 பவுண்டு. அதை, எண்ணெய் பாய்லர் மெக்கானிக்குகளைப் பதிவு செய்யும் ஆஃப்டெக் அமைப்பில் பதிவு பெற்றவரின் சர்வீஸ் செலவில் போடுங்கள்.

பாய்லரைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. மண்ணெண்ணெய் லிட்டருக்குச் சுமார் 10.35 கிலோவாட் மணி. 90 சதவீதம் திறனுள்ள, புகையோடு போகும் சூட்டையும் மீட்கும் கண்டென்ஸிங் பாய்லரில் 63.5 பென்ஸ் எண்ணெய் ஊற்றினால் ஒரு யூனிட் சூடு 6.8 பென்ஸ். 70 சதவீதமே தரும் பழைய பாய்லரில் அதே எண்ணெய்க்கு 8.8 பென்ஸ். லிட்டருக்கு ஒரு பென்ஸ் பேரம் பேசினால் வருடம் 2,000 லிட்டரில் 20 பவுண்டுதான் மிச்சம். பேரம் பேசுங்கள், ஆனால் எது பெரிய ஓட்டை என்று தெரிந்துகொண்டு பேசுங்கள்.

கோடையில் வாங்கினால் மலிவு என்பதையும் வேதவாக்காக எடுக்க வேண்டாம். மே முதல் செப்டம்பர் வரை தேவை குறைவு. லாரி சீக்கிரம் வரும். வியாபாரி இறங்கி வருவார். இவ்வளவும் உண்மை. ஆனால் கச்சா எண்ணெய்க்குப் பருவம் தெரியாது. 2022 கோடையில் காத்திருந்து வாங்கியவர்கள் முந்தைய குளிர்காலத்தை விட அதிகமாகவே கொடுத்தார்கள். அவசரமில்லாத நேரத்தில் வாங்குவதே கோடையின் உண்மையான லாபம். எனவே அக்டோபருக்கு முன் ஒருமுறை நிரப்பி, அடுத்ததை டிசம்பர் முதல் வாரத்துக்குள் வைத்துக்கொண்டால், கிறிஸ்துமஸுக்கு முந்தைய கூட்டத்தில் மாட்ட வேண்டியதில்லை.

ஆர்டர் போடும்போது லாரி வரும் வழியைச் சரியாகச் சொல்லாததால்தான் அதிகச் சண்டைகள் வருகின்றன. சாதாரண டேங்கர் இரண்டரை மீட்டர் அகலம். கண்ணாடிகளையும் சேர்த்தால் வாசல் தூண்களுக்கு நடுவே 3 மீட்டராவது வேண்டும். லாரி நிற்கும் இடத்திலிருந்து டேங்க் மூடி வரை ஹோஸ் செல்லும் வழியை, சுவரைச் சுற்றிப் போவதையும் சேர்த்து, அடி வைத்து அளந்து சொல்லுங்கள். ஹோஸ் எத்தனை மீட்டர் என்று அவர்களைக் கேளுங்கள். 30 மீட்டருக்கு மேல் என்றால் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. சின்ன லாரி வேண்டும் என்றால் தனிக் கட்டணமும் தாமதமும் இருக்கலாம். பூட்டுச் சாவியை வெளியே வைக்காததாலோ, நாயைக் கட்டாததாலோ, டேங்கில் விரிசல் தெரிந்ததாலோ ஓட்டுநர் ஊற்றாமல் திரும்பினால் அந்தப் பயணத்துக்கும் பணம் கேட்பார்கள். விரிசல் டேங்கில் ஊற்ற மறுப்பவர் உங்களுக்கு நல்லது செய்கிறார். எண்ணெய் மண்ணில் இறங்கினால் அதைத் தோண்டி எடுக்கும் செலவு பல டேங்க் எண்ணெயை விழுங்கிவிடும். ஆர்டரை ரத்து செய்தால் என்ன பிடித்தம் என்று விதிமுறையில் படித்துவிடுங்கள். டேங்கில் ஏற்கெனவே இருந்த எண்ணெயோடு கலந்துவிட்டால் திருப்பித் தரும் பேச்சுக்கே இடமில்லை.

டேங்க் முழுதாகக் காலியாக விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று சிலர் கேட்பார்கள். அடியில் உள்ள வண்டலும் தண்ணீரும் குழாய்க்குள் போய் ஃபில்டரை அடைக்கும். குழாயில் காற்று புகும். பாய்லர் அணைந்து சிவப்பு விளக்கு எரியும். எண்ணெய் ஊற்றியபிறகும் பம்பில் காற்றை வெளியேற்றாமல் எரியாது. தெரியாதவர் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்; மலிவு விலைக்காகக் காத்திருந்து மிச்சம் பிடித்ததெல்லாம் அந்த ஒரு வருகையில் போய்விடும்.

லாரி வரும் நாளில் பாய்லரை அணைத்துவிடுங்கள். ஊற்றி முடித்து ஒன்றிரண்டு மணி நேரம் வண்டல் அடங்க விட்டுப் போடுங்கள். முடிந்தால் வீட்டில் இருங்கள். லாரியின் மீட்டர் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறதா என்று பார்க்கலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். மீட்டரே அச்சிட்டுத் தரும் சீட்டில் லிட்டர், தேதி, நேரம் இருக்கும். கையால் எழுதிய எண்ணை மட்டும் ஏற்க வேண்டாம். சில சீட்டுகளில் 15 டிகிரி வெப்பநிலைக்குத் திருத்திய அளவு என்று இருக்கும். மண்ணெண்ணெய் 10 டிகிரி வித்தியாசத்துக்கு ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 9 லிட்டர் விரியும் அல்லது சுருங்கும் என்பதால் அந்தத் திருத்தம்.

அளவு குறைகிறதா என்று நீங்களே சோதிக்க ஒரு நேரான மரக்குச்சி போதும். மூடியில் இருக்கும் வாட்ச்மேன் வகை மின்னணுக் கருவி பத்துக் கோடுகளில் காட்டுவது வெறும் உயரம்; டேங்கின் உயரத்தை முதலில் தவறாகப் பொருத்தியிருந்தால் எப்போதுமே தவறாகத்தான் காட்டும். செவ்வக டேங்கின் உள் நீளம் 180 செ.மீ., அகலம் 65 செ.மீ. என்றால் இரண்டையும் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் 11.7, ஒரு செ.மீ. உயரத்துக்கு 11.7 லிட்டர். 500 லிட்டர் ஊற்றினால் ஏறக்குறைய 43 செ.மீ. ஏற வேண்டும். வளைந்த பிளாஸ்டிக் டேங்குக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. தயாரிப்பாளரின் அட்டவணையைத் தேடி எடுக்க வேண்டும். குச்சியில் அரை செ.மீ. பிசகு சகஜம், அதாவது 6 லிட்டர். ஆகவே 5 லிட்டர் குறைவதை இந்த முறையில் பிடிக்க முடியாது. 50 லிட்டர் குறைந்தால் பிடித்துவிடலாம். லாரி வருவதற்கு முன்னும் பின்னும் ஈரக்குச்சியை அளவுநாடாவோடு சேர்த்துப் படம் எடுத்து, சீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் இருந்தால் அன்றைக்கே வியாபாரிக்கு எழுத்தில் அனுப்ப வேண்டும். அவர் யுகிஃப்டா என்ற வியாபாரிகள் சங்கத்தின் உறுப்பினர் என்றால் அதன் நடத்தை விதிப்படி அங்கே முறையிடலாம். அளவு மோசடி என்று சந்தேகம் வந்தால் அது டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் அலுவலகத்தின் வேலை. அவர்கள் லாரி மீட்டரையே சோதித்துப் பார்ப்பார்கள், சீட்டு எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள்.